ட்ரெய்லரின் மரத்தளம் இற்றுப்போகாமல் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேலிருந்து பார்த்தால் பலகை நன்றாகத்தான் இருந்தது. ஆறடி அகலம், பன்னிரண்டடி நீளம், கீழே இரும்புச் சட்டம், மேலே, இற்றுப்போகாமலிருக்க மருந்தேற்றிய பலகைகள். கனடாவின் ஒன்டாரியோவில் தோட்ட வேலைக்கும் வீடு மாற்றுவதற்கும் வண்டியின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சாதாரண ட்ரெய்லர். ஒரு வசந்த காலத்தில், ஈர மண் நிறைந்த ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை அதன் பின்பக்க ஓரத்தில் ஏற்றியபோது, சக்கரம் பலகையைப் பொத்துக்கொண்டு இறங்கிவிட்டது. குனிந்து பார்த்தேன். மேலே ஒரு விரல் தடிமனுக்குக்கூட நல்ல மரம் இல்லை. அதற்குக் கீழே இருந்தது ஈரக் காப்பித்தூள் மாதிரி கையில் உதிர்ந்தது.

இத்தனைக்கும் முந்தைய ஆண்டுதான் மேல்புறம் முழுவதும் நல்ல ஸ்டெயின் (மரத்துக்கான நிறப்பூச்சு) பூசியிருந்தேன். பூச்சு அப்படியே இருந்தது, அதன் கீழிருந்த மரம்தான் போய்விட்டது. அன்றைக்குப் புரிந்ததைத்தான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப்போகிறேன்: ட்ரெய்லர் பலகை பெரும்பாலும் மேலிருந்து கெடுவதில்லை, நுனியிலிருந்தும் அடியிலிருந்தும்தான் கெடுகிறது. நாம் பார்க்கும் பக்கத்துக்குப் பூசிவிட்டு, பார்க்காத பக்கத்தை விட்டுவிடுகிறோம்.

எங்கே கெடுகிறது, ஏன்?

மரத்தை இற்றுப்போக வைப்பது தண்ணீர் இல்லை, பூஞ்சை. ஆனால் பூஞ்சைக்குத் தண்ணீர் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் வேலை செய்ய முடியாது. ஆகவே மழையில் நனைவது பெரிய பிரச்சினை அல்ல. நனைந்த மரம் காயாமல் கிடப்பதுதான் பிரச்சினை.

மரம் என்பது நெருக்கிக் கட்டிய வைக்கோல் தாள்கள் போன்றது. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய குழல்கள் பலகையிலும் அப்படியேதான் இருக்கின்றன. பலகையின் முகத்தில் விழும் தண்ணீர் அந்தக் குழல்களின் பக்கவாட்டில் மெதுவாக ஊறும். வெட்டிய நுனியில் குழல்களின் வாய் திறந்திருக்கிறது. அங்கே தண்ணீர் பல மடங்கு வேகமாக உள்ளே இழுக்கப்படும். அந்த நுனி ட்ரெய்லரில் எங்கே இருக்கிறது? முன்னும் பின்னும் இரும்பு ஆங்கிளுக்குள் (L வடிவச் சட்டத்துக்குள்) செருகி, காற்றுப் படாமல், மண்ணும் இலைத்தூளும் அடைந்து கிடக்கிறது. மரத்தை மக்க வைப்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

இரண்டாவது இடம் பலகை குறுக்குச் சட்டத்தின் மேல் உட்காரும் பட்டை. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே புகுந்த தண்ணீர் வெளியேற வழி இல்லை. மூன்றாவது, திருகாணி ஓட்டைகள். திருகாணி துருப்பிடிக்கும்போது பருத்து மரத்தைப் பிளக்கும். இரும்புத் துரு தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் அரித்து வலுவிழக்கச் செய்யும். பழைய பலகையில் திருகாணியைச் சுற்றிக் கருநீல வளையம் தெரிந்தால் அதுதான் அறிகுறி.

மருந்தேற்றிய பலகைதானே, அதற்கு என்ன ஆகும் என்று பலர் கேட்பார்கள். கனடாவில் கிடைக்கும் இந்தப் பலகைகளில் நீளவாட்டில் சின்னச் சின்னக் கீறல்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ப்ரூஸ் போன்ற மரங்கள் மருந்தை எளிதில் உறிஞ்சாது என்பதால், உள்ளே போகட்டும் என்று போட்ட கீறல்கள் அவை. அப்படியும் மருந்து மேலோட்டமாகத்தான் இறங்குகிறது. நடுவில் இருப்பது வெறும் மரம். பலகையை அளவுக்கு அறுத்த உடனே அந்த வெறும் மரம் நுனியில் வெளியே வந்துவிடும். ட்ரெய்லர் செய்யும் பட்டறைகளில் அந்த நுனிக்கு ஒரு கை மருந்து பூசியிருந்தால் நம் வேலை பாதி குறைந்திருக்கும். என் ட்ரெய்லரில் பூசியிருக்கவில்லை.

முதல் வேலை: குத்திப் பார்ப்பது

எதையும் பூசுவதற்கு முன் இருப்பது என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ட்ரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, இழுக்கும் வண்டியோடு கொக்கி போட்டபடியே வைத்து, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். கொக்கியைக் கழற்றிய ட்ரெய்லரின் பின்பக்கத்தில் ஏறினால் மூக்கு, அதாவது முன்முனை, மேலே தூக்கிக்கொள்ளும். அடியில் படுத்துப் பார்க்கும்போது வெறும் ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். உறுதியான ஸ்டாண்டும் கொடுங்கள்.

பழைய தட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பலகையின் இரண்டு நுனிகளிலும், குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்திலும், திருகாணிகளைச் சுற்றியும் அழுத்திக் குத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும். சிலாம்பு நீளமாகக் கிளம்பும். இற்ற மரத்தில் முனை சத்தமில்லாமல் இறங்கும், துண்டு குட்டையாக உடைந்து வரும். சுத்தியலால் தட்டினாலும் தெரியும். நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும், கெட்டது மொத்தென்று. கீழிருந்தும் இதையே செய்யுங்கள். அடிப்பக்கத்தைப் பார்க்காமல் செய்த சோதனை சோதனையே இல்லை.

ஸ்க்ரூடிரைவர் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தப் பலகையை மாற்றிவிடுவதே நல்லது. இற்ற மரத்தின் மேல் எந்தப் பூச்சும் நிற்காது, பூஞ்சை பக்கத்துப் பலகைக்கும் போகும். வெடிப்பு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். காயும் மரம் வெடிப்பது இயல்பு.

பலகை மாற்றுவது

இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். ஒரு பலகையைச் சரியாக மாற்றக் கற்றுக்கொண்டால் முழுத் தளத்தையும் நீங்களே போட்டுவிடலாம்.

பழைய திருகாணிகள் பெரும்பாலும் நட்சத்திரத் தலை கொண்டவை. தலைக்குள் அடைந்த மண்ணை ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு, பிட்டைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி ஆழமாக உட்கார வைத்த பிறகு கழற்றுங்கள். அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும். துருவேறி அசையாதவற்றின் தலையைக் கிரைண்டரால் சீவிவிட்டு, பலகையை எடுத்தபின் மிச்சத்தைக் கீழிருந்து அறுக்கலாம். கிரைண்டர் பொறி காய்ந்த இலைத்தூளில் விழுந்தால் பற்றிக்கொள்ளும். முதலில் பெருக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சில ட்ரெய்லர்களில் முன் பின் ஆங்கிள் பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்போது பலகையை நடுவில் அறுத்து இரண்டு துண்டாக எடுக்க வேண்டியிருக்கும். புதுப் பலகையைக் கொஞ்சம் வளைத்து உள்ளே நுழைப்பார்கள்.

பலகை வெளியே வந்ததும் குறுக்குச் சட்டம் கண்ணுக்குத் தெரியும். இந்த வாய்ப்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பிரைமர் அடித்து, பெயின்ட் பூசுங்கள். காய்ந்த பிறகு சட்டத்தின் மேல்முகத்தில் பியூட்டைல் ரப்பர் நாடாவை ஒட்டுங்கள். வீட்டு முற்றத்து மரத்தளங்களுக்கென்று விற்கும் ஒட்டும் நாடா அது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே தண்ணீர் தேங்குவதை இது வெகுவாகத் தடுக்கும், திருகாணியைச் சுற்றியும் இறுக மூடிக்கொள்ளும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 தொடக்கத்திலிருந்து வீட்டு உபயோகப் பலகைகளில் ஆர்சனிக் கலந்த பழைய மருந்து கைவிடப்பட்டு, தாமிரம் அதிகமுள்ள மருந்துகள் வந்தன. ஈரம் இருக்கும்போது தாமிரம் இரும்பையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும், அலுமினியத்தை இன்னும் மோசமாக அரிக்கும். அலுமினியச் சட்டம் உள்ள ட்ரெய்லரில் இந்த நாடா இல்லாமல் மருந்தேற்றிய பலகை போடவே வேண்டாம். திருகாணியும் மருந்தேற்றிய மரத்துக்கென்று பூச்சுக் கொடுத்ததாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும்.

எந்த மரம்? இரண்டு அங்குலப் பலகை என்று கடையில் சொல்வது உண்மையில் ஒன்றரை அங்குலத் தடிமன்தான். பழைய பலகை என்ன தடிமனோ அதையே வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆங்கிளுக்குள் ஆடும் அல்லது நுழையாது. பெரிய கனரக ட்ரெய்லர்களுக்குத் தென்கிழக்கு ஆசியாவின் கெருயிங் மரத்தை அபிடாங் என்ற பெயரில் போடுகிறார்கள். அதன் உடம்பிலேயே எண்ணெய்ப் பிசின் உண்டு. இலங்கையில் சிங்களத்தில் ஹொர என்று அழைக்கப்படும் மரமும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சில மரங்களும் இதே இனத்தைச் சேர்ந்தவை. நல்ல மரம்தான், ஆனால் விலை அதிகம், அந்த இனத்தில் பல அழியும் நிலையில் இருக்கின்றன. தோட்ட ட்ரெய்லருக்கு அது தேவையில்லை. ஓக் வாங்கினால் வெள்ளை ஓக்காக இருக்க வேண்டும். சிவப்பு ஓக்கின் குழல்கள் திறந்தவை, ஒரு சின்னத் துண்டின் நுனியில் வாய் வைத்து ஊதினால் மறுநுனியில் காற்று வரும். காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும்.

அறுத்தவுடன் நுனிக்குத் தாமிர நாஃப்தனேட் மருந்தைத் தாராளமாகப் பூசுங்கள். பச்சை நிறத்தில் சின்ன டப்பாக்களில் கிடைக்கும். ஒருமுறை பூசினால் சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டு வெளுக்கும். மறுபடி பூசுங்கள், உறிஞ்சுவது நிற்கும்வரை. திருகாணிக்குத் துளையிட்டதும் அந்தத் துளைக்குள்ளும் ஒரு சொட்டு. ஒரு பலகைக்கு ஐந்து நிமிட வேலை இது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

கடையிலிருந்து வரும் பலகை கனமாக, தொட்டால் ஈரமாக இருந்தால் இடைவெளி விடாமல் நெருக்கிப் போடுங்கள். காய்ந்து சுருங்கும்போது இடைவெளி தானாக வரும். சூளையில் காயவைத்த பலகையாக இருந்தால் எட்டில் ஒரு அங்குல இடைவெளி வேண்டும். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் ஒரு பலகைக்கு இரண்டு திருகாணி. தலை பலகையின் மட்டத்தோடு நிற்கட்டும், ஆழமாகப் புதைந்தால் அந்தக் குழியில் தண்ணீர் தங்கும்.

அறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள். மிச்சத் துண்டுகளை அடுப்பிலோ தீக்குழியிலோ எரிக்கக் கூடாது. குறிப்பாகப் பழைய ட்ரெய்லரிலிருந்து எடுத்ததில் ஆர்சனிக் இருக்கக்கூடும், அதன் சாம்பலும் புகையும் நஞ்சு. நகராட்சிக் குப்பை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

கழுவுவதும் காயவைப்பதும்

பலகை இடுக்குகளில் இறுகிய மண்ணை மெல்லிய தகட்டுக் கரண்டியால் கீறி எடுங்கள். முன் பின் ஆங்கிளுக்குள் அடைந்ததை வளைந்த கம்பியால் இழுத்து, பிறகு ஹோஸால் பீய்ச்சுங்கள். ஆங்கிளின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லை என்றால், சில இடங்களில் சிறிய துளை போடலாம். ஆனால் மடிப்பிலும் பற்றவைத்த இடத்திலும் போடாதீர்கள்.

பச்சைப்பாசியும் கருமையும் போக, சோடியம் பெர்கார்பனேட் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஈரம் காயாமல் வைத்திருந்து, நைலான் தூரிகையால் நார்ப்போக்கில் தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் பிளீச் வேண்டாம். அது மரத்தின் நாரைக் கெடுக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். இரும்புக் கம்பித் தூரிகையும் மரத்துக்கு ஆகாது. முறிந்த கம்பிகள் மரத்தில் தங்கித் துருக்கறையாகும். துருக்கறை ஏற்கெனவே இருந்தால் ஆக்சாலிக் அமிலம் கலந்த மரப் பிரைட்னர் எடுத்துவிடும். அதற்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அழுத்தத் தண்ணீர் எந்திரம் இருந்தால் அகலமாகப் பீய்ச்சும் முனையைப் போட்டு, பலகையிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். பக்கத்தில் பிடித்தால் மரத்தின் மென்மையான பகுதி உரிந்து நார் நாராக எழும்பும், அந்த நாருக்குள் அடுத்த மழை உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் பொறுமை. வெயிலடிக்கும் நாள்கள் இரண்டு மூன்று தேவை. புதிதாகப் போட்ட ஈரப் பலகைக்கு வாரக்கணக்கிலும் ஆகலாம். காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு கை தண்ணீரைத் தெளியுங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டால் பூசலாம். முத்து முத்தாக நின்றால் மரம் இன்னும் காயவில்லை, அல்லது பழைய பூச்சே இன்னும் வேலை செய்கிறது.

என்ன பூசுவது?

மரத்துக்குள் ஊறும் எண்ணெய் வகை ஸ்டெயின், பாதி ஒளிபுகும் நிறத்தில். இதுதான் என் தேர்வு. பெயின்ட், வார்னிஷ், பாலியூரித்தேன் போன்றவை மரத்தின் மேல் ஒரு தோலாக உட்காரும். ட்ரெய்லரில் கல் உருளும், மண்வெட்டி உரசும், புல்வெட்டி எந்திரம் ஏறி இறங்கும். தோல் கிழியும். கிழிந்த இடத்தில் போன தண்ணீர் தோலுக்குக் கீழே மாட்டிக்கொண்டு வெளியே வராது. மழையில் ரொம்ப வழுக்கவும் செய்யும். நிறமே இல்லாத தண்ணீர்த் தடுப்புப் பூச்சு வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்காது, மரம் சீக்கிரம் நரைத்துவிடும். நிறமிதான் வெயிலுக்குக் குடை.

ஆளிவிதை எண்ணெய் பழைய முறை, இன்றும் பலர் பூசுகிறார்கள். பூசலாம், ஆனால் குறைகளைத் தெரிந்துகொண்டு பூசுங்கள். காய்ச்சாத பச்சை எண்ணெய் காய வாரங்கள் ஆகும். காய்ச்சிய எண்ணெய் என்று விற்பதில் உலர்த்திகள் கலந்திருப்பதால் சீக்கிரம் காயும். இரண்டுமே பூசணத்துக்குத் தீனி, நிழலில் நிற்கும் ட்ரெய்லர் கருத்துப்போகும். முதல் பூச்சில் டர்பன்டைனோ மினரல் ஸ்பிரிட்டோ சரிபாதி கலந்தால் ஆழமாக இறங்கும்.

பழைய இன்ஜின் ஆயில் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் லாரிப் பலகைக்கும் மாட்டுவண்டிக்கும் கருப்பு ஆயில் பூசுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த ஆயிலில் இன்ஜினின் தேய்மானத்தில் வந்த உலோகங்களும் புற்றுநோய் உண்டாக்கும் எரிபொருள் கழிவுகளும் இருக்கின்றன. அது மரத்தில் கெட்டியாவதில்லை. ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு புல்லுக்கும், சாலைக் கால்வாய்க்கும், அங்கிருந்து ஓடைக்கும் போகும். அதே ட்ரெய்லரில்தான் காய்கறித் தோட்டத்துக்கு மண் கொண்டுவருகிறோம்.

பூசும் முறை

வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், நேர் வெயில் கூடாது, அடுத்த இரண்டு நாளுக்கு மழை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். விளக்குகள், ஒளிரும் நாடா, டயர்கள், எண் தகடு எல்லாவற்றையும் மூடுங்கள். டயரில் ஸ்டெயின் பட்டால் ரப்பர் கெடும்.

வரிசை முக்கியம். முதலில் நுனிகள். ஆங்கிளுக்குள் தூரிகை நுழையாது என்றால் சின்ன எண்ணெய்க் குப்பியால் இடுக்கில் ஊற்றுங்கள். அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து அடிப்பக்கம், குட்டைக் காம்பு ரோலரால். கண்ணாடி போடாமல் படுக்காதீர்கள், மேலிருந்து சொட்டும். கடைசியாக மேல்பக்கம். கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துணியால் துடைத்து எடுங்கள். மரம் குடித்ததுதான் வேலை செய்யும், மேலே நின்றது பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஆறுக்குப் பன்னிரண்டு தளத்தின் இரண்டு பக்கத்துக்கும் ஒரு கேலன் டப்பா, அதாவது 3.78 லிட்டர், ஒரு பூச்சுக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடவே போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெயும் எண்ணெய் ஸ்டெயினும் காயும்போது வெப்பத்தை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து, யாரும் தீ வைக்காமலே சில மணி நேரத்தில் பற்றி எரியும். வீடுகள் எரிந்திருக்கின்றன. துணியை வெளியே தரையில் விரித்துப் போட்டு விறைப்பாகக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

இரண்டு நாள் கழித்து ஏற்றலாம்.

அன்றாடப் பழக்கம்

நிறுத்தும்போது மூக்கு ஜாக்கைச் சில சுற்று சுற்றி முன்பக்கத்தை உயர்த்திவிடுங்கள். தளம் சரிந்தால் தண்ணீர் பின்பக்கம் ஓடி வடிந்துவிடும். செலவே இல்லாத பாதுகாப்பு இது. புல்தரையில் நிறுத்தாமல் கல்லோ சிமென்டோ போட்ட இடத்தில் நிறுத்துங்கள், மண்ணின் ஈரம் இரவெல்லாம் அடிப்பலகைக்கு ஏறும்.

ஈர மண், இலை, மரத்தூள் எதையும் ட்ரெய்லரில் இரவு தங்கவிடாதீர்கள். என் பலகை பொத்துக்கொண்டதற்கு முந்தைய குளிர்காலத்தில், பின் ஓரத்தில் ஒரு சாக்கு அளவு இலைக்குப்பை ஐந்து மாதம் கிடந்தது. ஏற்றிய வேலை முடிந்ததும் ஒரு துடைப்பம் போட்டால் போதும். ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் அதையும் தூக்கிவிட்டுக் காயவிடுங்கள்.

தார்ப்பாய் போட்டு மூடலாம், ஆனால் நடுவில் ஒரு கட்டையை நிறுத்திக் கூரை மாதிரி சரிவாக, பக்கங்களில் காற்று போகும்படி. பலகையோடு ஒட்டி இழுத்துக் கட்டிய தார்ப்பாய் அடியிலிருந்து ஏறும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடாமலே விட்டிருக்கலாம் என்றாகிவிடும்.

இரும்புப் பல் கொண்ட எந்திரங்களை ஏற்றும்போது சக்கரம் ஓடும் தடத்தில் பழைய ப்ளைவுட் துண்டுகளைப் போடுங்கள். தேய்வது அந்தத் துண்டாக இருக்கட்டும்.

குளிர்காலத்தில் ஓட்டுபவர்களுக்குச் சாலை உப்புதான் பெரிய எதிரி. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சட்டமும் திருகாணியும் காயவே காயாது. பனி உருகும் ஒவ்வொரு நாளும், உறைநிலைக்கு மேலே வெப்பம் வரும்போது, அடிப்பக்கத்தை ஹோஸால் கழுவிவிடுங்கள். உரம் ஏற்றிய பிறகும் அப்படியே. தளத்தில் விழுந்த பனியைப் பிளாஸ்டிக் மண்வாரியால் தள்ளுங்கள். உப்புத் தூவி உருக்காதீர்கள்.

எப்போது மறுபடி? நாட்காட்டியைவிடத் தண்ணீர்த் துளிதான் சரியாகச் சொல்லும். மே மாதம் ஒருமுறை, அக்டோபர் மாதம் ஒருமுறை, ஸ்க்ரூடிரைவரும் ஒரு குவளைத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் உருண்டு நின்றால் விட்டுவிடுங்கள், ஊறினால் பூசுங்கள். நிழலில் நிற்பதற்கும் வெயிலில் நிற்பதற்கும் இடையே வித்தியாசம் நிறைய இருக்கும். மேல்பக்கம் இன்னும் நன்றாக இருக்கிறது என்று தோன்றும் ஆண்டிலும் நுனிகளுக்கு மட்டும் ஒரு கை மருந்து வைத்துவிடுங்கள். நான் அக்டோபர் கடைசி வாரத்தில், இலை வாரி முடித்த அன்றைக்கே, எண்ணெய்க் குப்பியோடு முன் பின் ஆங்கிளைச் சுற்றி வந்துவிடுவேன். இருபது நிமிடம் ஆகும்.